கடைசி இலக்கம்

நூல்களின் பின்னட்டையில் பட்டைக்கோடுகளுக்கு மேலே அச்சாகியிருக்கும் நீண்ட எண்ணை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. ஆனால் அதன் கடைசி இலக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எண்ணை எழுதுபவர் பிழை செய்வார் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களின் வரலாறு அது.

1965இல் பிரிட்டனின் புத்தக வணிக நிறுவனமான டபிள்யூ. எச். ஸ்மித், நூல்களுக்குச் சீரான எண் வழங்க முற்பட்டது. புள்ளியியல் அறிஞர் கார்டன் ஃபாஸ்டர் அதற்காக 9 இலக்க முறை ஒன்றை வகுத்தார். 1970இல் அது 10 இலக்கமாக விரிந்து, ஐ.எஸ்.பி.என். என்னும் உலகத் தரமாயிற்று.

எண்ணைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளில் முதன்மையானவை இரண்டு: ஓர் இலக்கம் வேறாகிவிடுவது, இரண்டு இலக்கங்கள் தமக்குள் இடம் மாறிவிடுவது. முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல் என இறங்குவரிசையில் பெருக்கி, கடைசி இலக்கத்தை 1ஆல் பெருக்கிக் கூட்டினால், தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 11 பகா எண்ணாதலால் இவ்விரு பிழைகளும் தப்புவதில்லை. கடைசி இலக்கம் சில நூல்களுக்குப் பத்தாக அமைந்தது. அங்கே ரோமானியரின் எக்ஸ் எழுத்தை இட்டார்கள்.

1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 இணையப் படிவங்களைத் தரப்படுத்தியது. எழுத்தர் செய்துவந்த வேலை வாசகர் கைக்கு வந்தது. எண் மட்டுமே ஏற்கும் பெட்டி, எக்ஸில் முடியும் சரியான எண்ணையும் தள்ளிவிடும். நூலில் அச்சாகியுள்ள இடைக்கோடுகளோடு தட்டச்சு செய்தாலும் சில படிவங்கள் ‘பிழை’ என்று சிவப்பில் காட்டும். இங்கே பிழை யாருடையது?

அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்பது, 1980இல் ஜான் போஸ்டல் இணைய நெறிமுறைக்கு வகுத்த விதி. இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று காட்டிய அந்தப் பெருந்தன்மை மனிதருக்கும் உரியதல்லவா? இடைக்கோட்டை நீக்கிக்கொள்ளக் கணிப்பொறிக்கு ஒரே ஒரு கட்டளை போதும்.

2007 ஜனவரி 1 முதல் வணிகப் பட்டைக்கோடுகளோடு இணையும்பொருட்டு ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமாயிற்று. வசதி கூடியது, காவல் சற்றே தளர்ந்தது. புதிய முறையில் இலக்கங்களை மாறிமாறி 1ஆலும் 3ஆலும் பெருக்குகிறோம். தொகை 10ஆல் வகுபட்டால் போதும். ஆகவே அடுத்தடுத்து நிற்கும் 1உம் 6உம் இடம் மாறினால் கணக்கு கண்டுகொள்ளாது. 2உம் 7உம் அப்படியே.

எனவே கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் நாம் தேடிய நூல் அதுவாகிவிடாது. எண்ணைப் பெற்றதும் நூலின் பெயரைக் காட்டி, ‘நீங்கள் கேட்டது இதுதானா?’ என்று வினவும் படிவமே ஃபாஸ்டரின் வழியில் வந்தது. கடைசி இலக்கம் விட்டுவிடுவதை வாசகரின் கண் பிடித்துக்கொள்ளும்.