மீன் கொத்தாத மீன்கொத்தி

வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பெயர் ஹால்சியோன் ஸ்மிர்னென்சிஸ். ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம். திருக்கோவிலூர்ப் பக்கம் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் கம்பியில் உட்கார்ந்திருக்கிற பறவைக்குத் துருக்கிக்காரப் பெயர் எப்படி வந்தது?

எலியாசர் ஆல்பின் என்ற ஓவியர் 1738-இல் வெளியிட்ட பறவை நூலில் 'ஸ்மிர்னா மீன்கொத்தி' என்று ஒரு படம் இருந்தது. 1758-இல் லின்னேயஸ் அதை ஆதாரமாக வைத்துப் பெயர் சூட்டினார். அவ்வளவுதான் கதை. துருக்கி இதன் பரவலின் மேற்கு ஓரம்; பெருங்கூட்டம் இருப்பதோ நம்ம பக்கம். ஹால்சியோன் என்ற பேரினத்தை 1821-இல் ஸ்வெயின்சன் உண்டாக்கினார். அதற்கு அவர் மாதிரியாக வைத்தது ஆப்பிரிக்காவின் காட்டு மீன்கொத்தியை. அது செனகல் பெயரைச் சுமக்கிறது. இரண்டுமே தண்ணீரை நம்பி வாழாத மீன்கொத்திகள். ஆப்பிரிக்கக்காரர் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் குடியிருப்பார். நம்மவர் மண்கரையில் வளை தோண்டுவார்.

தமிழ்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு, சுண்டெலி என்று கிடைத்ததை எல்லாம் இது தின்னும். மீன் அதில் ஒரு பங்குதான். தண்ணீரே இல்லாத புளியந்தோப்பிலும் இதைப் பார்க்கலாம். ஆனாலும் பெயர் மீன்கொத்தி!

பழைய தமிழில் இதன் குடும்பத்துக்குச் சிரல், சிச்சிலி என்று பெயர்கள் இருந்தன. சிறுபாணாற்றுப்படையில் ஆமூருக்குப் போகும் வழியில் ஒரு சிரல் வருகிறது. காஞ்சி மரக்கிளையில் ஏறி, ஆழமான மடுவையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்து, பிறகு கயலைப் பிடிக்கிறது. அதன் நகம் பட்டுத் தாமரை இலை கிழிகிறது. நீலமணி நிறம், பொன்னிற அலகு என்கிறார் நத்தத்தனார். இது எந்த மீன்கொத்தி?

கருப்பு வெள்ளை மீன்கொத்தி இல்லை. நிறமும் பொருந்தாது, அது அந்தரத்தில் சிறகடித்து நின்று பாய்கிற பறவை. சிறு நீல மீன்கொத்தி என்று சொல்லலாம்தான். ஆனால் ஒரு சாண் அளவுகூட இல்லாத அந்தக் குட்டிப் பறவையின் ஆணுக்கு அலகு கருப்பு. இலையைக் கிழிக்கும் நகமும், தூரத்திலிருந்தே தெரியும் அலகு நிறமும் சேர்ந்தால் எனக்கு வெண்மார்பு மீன்கொத்திதான் நினைவுக்கு வருகிறது. அலகு பொன் இல்லையே, சிவப்பாச்சே என்று நீங்கள் கேட்கலாம். காலை வெயிலில் பார்த்துவிட்டு வந்து பேசுவோம்.

இதே நூல்தான் கடையெழு வள்ளல்களில் ஒருவராக மலையமான் திருமுடிக்காரியையும் பாடுகிறது. காரியின் ஊர் திருக்கோவிலூர். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிற பாறையைக் கபிலர் குன்று என்கிறோம். கபிலர் தீப்புகுந்ததை வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. கபிலரைத் தேடி அந்தப் பாறைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கரையையும் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இந்தப் பறவைக்கு வேண்டியது செங்குத்தான மண்கரை. ஆற்றங்கரை, ஓடைக்கரை, சாலைக்காக வெட்டிய மேடு எதுவானாலும் சரி. ஆணும் பெண்ணும் சேர்ந்து அலகால் குத்திக் குத்திச் சுமார் அரை மீட்டருக்கு வளை போடும். முடிவில் ஒரு சிறு அறை. அதில் நாலு முதல் ஏழு வரை உருண்டையான வெள்ளை முட்டைகள். இனப்பெருக்கக் காலத்தில் மர உச்சியில் நின்று கத்தி, இறக்கையை விரித்து வெள்ளைத் திட்டைக் காட்டும்.

ஒருகாலத்தில் இதன் குடும்பத்துக்கு ஆபத்து இறகால் வந்தது. சீனத்தில் நகைகளில் மீன்கொத்தி இறகை ஒட்டினார்கள். ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கும் பறவை இறகுகள் கப்பலேறின. 1902-இல் இந்திய அரசு இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் பறவையைச் சுடுகிறவனைப் பிடிக்கும். ஆற்று மணலை அள்ளி, கரை சரிந்து, மிச்சத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டால் அதன் வளை போய்விடும். அதை யாரும் வேட்டை என்று எழுதிக்கொள்வதில்லை.