கையெழுத்துப் போட்ட கௌபாய்கள்

என் தொழிலில் 'கௌபாய் கோடிங்' என்று ஒரு சொல் உண்டு. யாரையும் கேட்காமல், ரிவ்யூ இல்லாமல், டெஸ்ட் இல்லாமல், நேராக புரொடக்‌ஷனில் போய்க் கை வைக்கிறவரை அப்படிச் சொல்வோம். திட்டுதான். ஆனா அந்தத் திட்டுக்குள்ளே கொஞ்சம் ரசிப்பும் இருக்கும். தனி ஆள். துணிச்சல்காரன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாலும் முனகாம வேலையை முடிச்சிட்டுப் போறவன்.

இந்த ஆள் நிஜமாகவே எப்போதாவது இருந்தாரா என்று தேட ஆரம்பித்து, வழக்கம்போல வழி தவறி, 1883-ஆம் வருஷத்து டெக்சஸில் போய் நின்றேன். அங்கே கௌபாய்கள் ஸ்ட்ரைக் செய்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் பின்னாடி போய் வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சஸில் மாடுகள் ஏராளம், வாங்கத்தான் ஆள் இல்லை. அங்கே 4 டாலருக்குப் போகும் மாடு வடக்கே 40 டாலர் என்பார்கள். ஆனால் ரயில் பாதை கான்சாஸ் வரைதான் வந்திருந்தது. 1867இல் ஜோசஃப் மெக்காய் என்ற வியாபாரி, அபிலீன் என்கிற சின்ன ஊரில் ரயிலடியை ஒட்டி மாட்டுப்பட்டிகள் கட்டினார். டெக்சஸிலிருந்து அந்தப் பட்டி வரைக்கும் மந்தையை ஓட்டிப்போகிற கூலியாள்தான் நமக்குத் தெரிந்த கௌபாய். ஒரு மந்தையில் இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள். கூடப் போக பத்துப் பன்னிரண்டு பேர். மாதக்கணக்கில் தூசி.

தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் 'வகேரோ' எனப்பட்ட மெக்சிகோ மாட்டுக்காரர்கள். 'ரோடியோ' என்ற சொல்லே சுற்றி வளைப்பது என்று பொருள் தரும் ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். 'லாசோ' எனும் சுருக்குக்கயிறும் அங்கிருந்து வந்ததே. ஓட்டிப்போனவர்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. பேருக்கும் அப்போது பெரிய மரியாதை கிடையாது. 1881 டிசம்பரில் ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில், அரிசோனாவில் அட்டகாசம் செய்யும் ஆயுதக் கும்பலைக் குறிக்கத்தான் 'கௌபாய்' வருகிறது.

சரி, 1883.

டெக்சஸின் வடமூலையில் பான்ஹேண்டில் என்கிற பகுதி. பழைய சிறு முதலாளிகள் கௌபாய்களிடம் கொஞ்சம் தாராளமாக இருந்தார்கள். கூலியில் ஒரு பங்கைக் கன்றாக வாங்கிக்கொள்ளலாம். உரிமையாளர் சூடு போடாமல் திரியும் மாட்டுக்குத் தன் சூட்டைப் போட்டுச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். முதலாளி நிலத்திலேயே அதை மேய்க்கலாம். அதாவது, இன்றைக்குக் கூலியாளாக இருப்பவன் பத்து வருஷத்தில் சின்னப் பண்ணைக்காரன் ஆகிவிடலாம். பிறகு கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் முதலீட்டாளர்களின் பணம் வந்தது. பண்ணைகள் கம்பெனிகளாயின. கம்பெனி வந்ததும் முதல் வேலையாக இந்தச் சலுகைகளை வெட்டியது. சம்பளம் மட்டும் வாங்கிக்கோ, மாடு வைத்துக்கொள்ளாதே. அந்தச் சம்பளம் மாதம் 25லிருந்து 40 டாலர்.

(ஸ்டாக் ஆப்ஷன் பார்த்துச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.)

1883 தொடக்கத்தில் 24 பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். எல்.எஸ். பண்ணையின் டாம் ஹாரிஸ் என்பவர் முன்னணியில் நின்றார். மாதம் 50 டாலருக்குக் குறைந்து யாரும் வேலை செய்வதில்லை. நல்ல சமையல்காரருக்கும் அதே 50. குழுவை நடத்துபவருக்கு 75. சமையல்காரரை மறக்காதது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சுமார் இரண்டரை மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. கையெழுத்துப் போட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆள் எடுத்தார்கள். வேலை தேடி வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெளியேறியவர்களில் சிலர் மாட்டுத் திருடர்கள் என்று பேர் வாங்கினார்கள். அடுத்த வருஷம் அந்தத் 'திருட்டை' ஒடுக்கப் பண்ணைக்காரர்கள் அழைத்துவந்தது யாரைத் தெரியுமா? 1881இல் பில்லி த கிட்டைச் சுட்டுக்கொன்ற பேட் கேரட்டை.

இதே 1883இல் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. மே மாதம் ஓமஹா நகரில் பஃபலோ பில் தன் 'வைல்ட் வெஸ்ட்' காட்சியைத் தொடங்கினார். கௌபாய் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பொருளானார். ஜூலை 4 அன்று டெக்சஸின் பேகோஸ் ஊரில், யார் கயிறு வீசுவதில் கெட்டிக்காரர் என்று கௌபாய்கள் போட்டி வைத்துக்கொண்டார்கள். உலகின் முதல் ரோடியோ இதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1888இல் தொடங்கிய அரிசோனாவின் ப்ரெஸ்காட் ஊர்க்காரர்கள் இல்லை, எங்களுடையதுதான் என்பார்கள். சண்டை இன்னும் தீரவில்லை.

ஆக, கூலி கேட்டவன் தோற்ற அதே வருஷம் வேடிக்கை காட்டுபவன் ஜெயித்தான். அதற்குப் பிறகு கௌபாயின் குணங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் கௌபாய்கள் இல்லை. பிலடெல்ஃபியாவில் பிறந்து ஹார்வர்டில் படித்த ஓவன் விஸ்டர் 1902இல் 'த வர்ஜீனியன்' நாவலை எழுதினார். அதன் நாயகன் அதிகம் பேசாதவன், சொன்ன சொல் தவறாதவன், மானஸ்தன். நாவலில் அவன் வளர்ந்து ஃபோர்மேன் ஆகிறான், முதலாளி பக்கம் நிற்கிறான், மாடு திருடிய தன் நண்பனையே தூக்கிலிடுகிறான். பின்னாளில் சினிமாவில் பாடிய ஜீன் ஆட்ரி கௌபாய்க்குப் பத்துக் கட்டளைகள் தந்தார். கஷ்டப்படுபவருக்கு உதவு, பெண்களை மதி, நல்ல உழைப்பாளியாக இரு. எல்லாம் நல்லவைதான். நியாயமான கூலியைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. 1940களில் ஆட்ரியே ஒரு ரோடியோ நிறுவனத்தின் முதலாளியும் ஆனார்.

இப்போது ரோடியோவின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கதையின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

ரோடியோ வீரருக்குச் சம்பளம் கிடையாது. போட்டியில் கலந்துகொள்ள அவர்தான் பணம் கட்ட வேண்டும். பயணம், சாப்பாடு, குதிரைத் தீனி, ஆஸ்பத்திரி எல்லாம் சொந்தச் செலவு. காளைச் சவாரி என்றால் 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்கலாம், இன்னொரு கை எதன்மீதும் பட்டால் போச்சு. மதிப்பெண்ணில் பாதி வீரருக்கு, பாதி காளைக்கு. எந்தக் காளை என்பது குலுக்கல். சாதுவான காளை விழுந்தால் எவ்வளவு நன்றாக ஓட்டியும் பிரயோஜனமில்லை. ஜெயித்தால் பரிசு, தோற்றால் கட்டின பணமும் போச்சு.

1929இல் ரோடியோ நடத்துபவர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஓடுபவர்களுக்கு எதுவும் இல்லை. 1936 அக்டோபர், பெரும் பொருளாதார மந்தம். டெக்சஸ்காரரான கர்னல் டபிள்யூ. டி. ஜான்சன் பாஸ்டன் கார்டன் அரங்கில் ரோடியோ நடத்துகிறார். அரங்கு பெரியது, கூட்டமும் வரும், பரிசுப் பணம் மட்டும் அற்பம். வீரர்கள் கட்டின நுழைவுப் பணம்கூடப் பரிசோடு சேரவில்லை. அக்டோபர் 30 அன்று 61 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பரிசை இரட்டிப்பாக்கு, எங்கள் நுழைவுப் பணத்தையும் அதில் சேர். இல்லாவிட்டால் இறங்க மாட்டோம்.

யோசித்துப் பாருங்க. சொந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, குதிரைகளோடு, பையில் காசில்லாமல். அந்த 61 பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஒருவன் நழுவி உள்ளே போனால் பரிசு அவனுக்குத்தான்.

ஜான்சன் வேறு ஆட்களை வைத்து நடத்திப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் இறங்கிவந்தார்.

ஜெயித்தவர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்த பேர் 'கௌபாய்ஸ் டர்ட்டில் அசோசியேஷன்'. ஆமைச் சங்கம்! ஒன்றுசேர ரொம்ப மெதுவாகத்தான் வந்தோம், ஆனால் வேண்டியதைப் பெறக் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்று விளக்கம் சொன்னார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மூர்ப் பேச்சு. ரோடியோ ஆமை புகுந்த பிறகுதான் உருப்பட்டது. தெரிந்தவர்கள் நடுவராக வர வேண்டும், நுழைவுப் பணம் பரிசோடு சேர வேண்டும் என்பதெல்லாம் சங்கத்தின் நிபந்தனைகள் ஆயின. எவரெட் போமன் தலைவராக இருந்து நடத்திய அந்தச் சங்கம்தான் 1945இல் பேர் மாறி, 1975இல் மறுபடி மாறி, இன்றைக்கும் தொழில்முறை ரோடியோவை நடத்துகிறது.

ஆமைகளைத் தலையில் தூக்கிவைக்கவும் எனக்கு மனசில்லை. ஓட்டுக்குள் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. 1929இல் பென்டில்டன் ரோடியோவில் போனி மெக்கரோல் என்ற பெண் முரட்டுக் குதிரையிலிருந்து விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதைக் காட்டிப் பெண்களின் குதிரைச் சவாரியை ஒவ்வொரு ஊராக நிறுத்தினார்கள். ஆண்களும்தான் செத்தார்கள், அவர்கள் போட்டியை யாரும் நிறுத்தவில்லை. பெண்களுக்காக ஆமைகள் கழுத்தை நீட்டவில்லை. 1948இல் டெக்சஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது.

பில் பிக்கெட் கதை இன்னொன்று. ஓடும் காளையின்மீது குதிரையிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் போட்டியை உருவாக்கியவர் என்று போற்றப்படுகிற கறுப்பின வீரர். கறுப்பர்களை அனுமதிக்காத ஊர்களில் வேறு இனத்தவர் என்று சொல்லித்தான் அவரால் இறங்க முடிந்தது. 1932இல் குதிரை உதைத்து இறந்தார். 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை அச்சிட்டது. பார்த்தால், அதிலிருந்த முகம் அவருடைய தம்பி பென்னுடையது! திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்கள்.

இவ்வளவு படித்த பிறகு 'கௌபாய் குணம்' என்பதே விளம்பரம்தானா என்று கேட்டுக்கொண்டேன். அப்படியும் சொல்ல முடியவில்லை. ரோடியோ வீடியோக்களில் காளை கிளம்பும் குறுகிய கூண்டைக் கவனியுங்க. காளைமேல் உட்கார்ந்திருப்பவரின் கயிற்றை மேலிருந்து இழுத்து இறுக்குகிறவர், அடுத்து அதே பரிசுக்குப் போட்டியிடப்போகும் இன்னொரு வீரராக இருப்பார். கயிறு சரியாக இறுகாவிட்டால் கீழே இருப்பவன் உயிருக்கு ஆபத்து. எதிராளியின் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் கூண்டைத் திறக்கச் சொல்கிறார்கள். 1989 ஜூலையில் ஷயேன் நகரில் 25 வயது லேன் ஃப்ராஸ்ட் 8 விநாடியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தார். அவர் நண்பர் கோடி லாம்பர்ட்தான் சவாரிக்காரர்களுக்கான பாதுகாப்புக் கவச உடையை உருவாக்கினார். 1992இல் லாம்பர்ட் உட்பட 20 காளைச் சவாரிக்காரர்கள் ஆளுக்கு 1000 டாலர் போட்டுத் தங்கள் போட்டியைத் தாங்களே நடத்தும் அமைப்பைத் தொடங்கினார்கள். அது இப்போது பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வலியை வெளியே காட்டாதே, கேட்காதே, தனியாகச் சமாளி என்பது கௌபாயைப் பார்த்தவர்கள் எழுதின குணம். பக்கத்திலிருப்பவன் கயிற்றை ஒழுங்காக இழு என்பது கௌபாய்களே வைத்திருந்த குணம். 24 பேரும் 61 பேரும் கையெழுத்துப் போட்டது இந்த இரண்டாவதில் சேரும்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ராத்திரி ஆன்-கால் பார்ப்பதற்கான அலவன்ஸை ஒரே மெயிலில் நிறுத்தினார்கள். டீமில் மூத்தவர் ஒருவர் ஒரு கடிதம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார். நான் போடவில்லை. "எனக்கு வேலைதான் சார் முக்கியம், காசு வரும் போகும்" என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் ஆறு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்.

இந்தப் பதிவை வெளியிடும் முன் அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ராத்திரி போன் செய்தார். "நல்லா இருக்குப்பா. பாஸ்டன்ல 61 பேர்னு போட்டிருக்கியே, நமக்கு வெறும் 4 பேர்தான்" என்று சிரித்தார். அந்த 4இல் நான் இல்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.