செபத்தை நிறுத்திவிட்ட ஒரு புனிதர்



கடவுளோடு தனிப்பட்ட உறவில் வளர வேண்டும் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போது நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம் எழுகிறது. 'அதெல்லாம் சாமியார்களுக்கும் சிஸ்டர்மார்களுக்கும் சரி. கோபமும் பொய்யும் கடன் தொல்லையுமாக இருக்கிற நான் எந்த முகத்தோடு ஆண்டவர்முன் போய் உட்காருவது? கொஞ்சம் திருந்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்கிறோம். இப்படி நினைத்து, செபத்தையே நிறுத்திவிட்ட ஒரு கன்னியரின் வரலாற்றை இன்று பார்ப்போம். பிற்காலத்தில் திருஅவை முழுவதற்கும் செபத்தின் ஆசிரியராக உயர்ந்தவர் அவர். அவரே அவிலா நகரின் புனித தெரேசா.

ஸ்பெயின் நாட்டில் 1515-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று தெரேசா பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்ரிஸ். சிறு வயதில் தாயை இழந்தபோது, அன்னை மரியாவின் திருவுருவத்தின்முன் சென்று, இனி நீரே எனக்குத் தாயாக இரும் என்று அழுது மன்றாடினார். 1535-இல், தம் 20-ஆம் வயதில், அவிலாவிலிருந்த மனித அவதாரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் கடும் நோய் அவரைத் தாக்கியது. சிகிச்சைக்காகப் போகும் வழியில் அவருடைய சித்தப்பா ஒருவர் ஒரு நூலைக் கொடுத்தார். அது பிரான்சிஸ்கன் துறவி ஒசூனா எழுதியது. வாய்ச்செபம் சொல்வதோடு நில்லாமல், மனத்தை ஒருமுகப்படுத்தி ஆண்டவரோடு தனித்திருக்கும் மனச்செபத்தை அந்நூல் கற்பித்தது. தெரேசா அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நோய் முற்றியது. 1539-இல் ஏறத்தாழ நான்கு நாள்கள் நினைவிழந்து கிடந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணி மடத்தில் கல்லறைக் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். பிழைத்தெழுந்தும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார். புனித சூசையப்பரின் பரிந்துரையால்தான் நடமாட முடிந்தது என்று அவர் உறுதியாக நம்பினார்.

நோய் நீங்கிய பிறகுதான் வேறொரு சோதனை வந்தது. அன்று அந்த மடத்தில் கடுமையான அடைப்பு விதி இல்லை. பார்வையாளர்கள் வருவார்கள், பேச்சறையில் மணிக்கணக்கில் உரையாடல் நடக்கும். தெரேசா இனிமையாகப் பேசுபவர், எல்லாருக்கும் பிடித்தமானவர். பெரிய பாவம் எதுவுமில்லை. ஆனால் மனம் வீண்பேச்சுகளில் சிதறியது. அந்த மனத்தோடு தனியே செபத்தில் அமர்ந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு தகுதியற்ற நான் ஆண்டவரோடு நெருங்கிய நட்புப் பாராட்டுவதா என்று எண்ணினார். எல்லாரையும் போலக் கடமைச் செபங்களை மட்டும் வாயால் சொல்லிவிட்டு இருப்பதே தாழ்ச்சி என்று தோன்றியது. மனச்செபத்தை விட்டுவிட்டார், ஓராண்டுக்கும் மேலாக.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் காலத்தில் அவர் மற்றவர்களுக்குச் செபத்தைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்! தம் தந்தைக்கு நூல்களைக் கொடுத்து மனச்செபத்தைப் பழக்கியவர் அவர்தான். தந்தை அதில் வேகமாக வளர்ந்தார். மகளைப் பார்க்க வந்து அதைப் பற்றியே பேசுவார். தெரேசாவால் அதைத் தாங்க முடியவில்லை. நான் இப்போது செபிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, உடல்நலக் குறைவைக் காரணம் காட்டினார். தந்தை அதை நம்பி மகளுக்காக இரங்கினார். பிறகு அவர் வந்தாலும் அதிக நேரம் தங்குவதில்லை. அவருக்குச் செபம் அவ்வளவு முக்கியமாகிவிட்டது. வெறும் பேச்சு நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது. கற்றுக்கொடுத்தவர் நின்றுவிட்டார், கற்றுக்கொண்டவர் போய்க்கொண்டிருந்தார்.

1543-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை இறந்தார். தெரேசா உடனிருந்து பணிவிடை செய்தார். அப்போது தந்தையின் ஆன்ம குருவாக இருந்த தொமினிக்கன் சபைக் குருவானவர் பரோனிடம் அவர் தம் நிலையைத் திறந்து சொன்னார். அந்தக் குரு, முதலில் உன்னைச் சரிசெய்துகொண்டு பிறகு செபி என்று சொல்லவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் செபத்தை விடாதே, மீண்டும் தொடங்கு என்றார். தெரேசா தொடங்கினார். அதன்பின் சாகும்வரை விடவில்லை.

பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, அந்த ஓராண்டையே தம் வாழ்வில் வந்த மிகக் கொடிய சோதனை என்று தெரேசா குறிப்பிட்டார். தாழ்ச்சி என்ற வேடத்தில் வந்த சாத்தானின் தந்திரம் என்றார். நோயாளி, உடம்பு தேறிய பிறகு மருத்துவரிடம் போகிறேன் என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் அதுவும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1542-இன் இறுதியில், புனித பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்று, கர்த்தர் கற்பித்த செபத்தையும் மற்றச் செபங்களையும் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்தார். ஸ்பெயினில் பிறந்த இருவரில் ஒருவர் இங்கே மீனவ மக்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க, இன்னொருவர் அங்கே மடத்துக்குள் இருந்தும் செபிக்க முடியாமல் தவித்தார். இந்த இருவரையும் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் 1622-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, ஒரே நாளில், புனிதர்களாக உயர்த்தினார்.

மீண்டும் தொடங்கியதும் தெரேசாவுக்கு எல்லாம் இனித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பல ஆண்டுகள் வறட்சிதான். செப நேரத்தில் அவருடைய கவனம், மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே இருந்தது. செப அறைக்குள் போவதைவிடக் கடுந்தவம் ஏதாவது செய்யச் சொன்னால் மேல் என்று தோன்றிய நாள்களும் உண்டு. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், கையில் ஒரு நூல் இல்லாமல் அவரால் தியானிக்கவே முடியவில்லை. செபத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து 18 ஆண்டுகளுக்கு மேல் இந்தப் போராட்டம் நீடித்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். ஆனால் தம்மை வற்புறுத்திக்கொண்டு உட்கார்ந்த நாள்களில், எழும்போது அமைதி கிடைத்தது என்றும் எழுதுகிறார்.

1554-இல் ஒருநாள், ஒரு விழாவுக்காக மடத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த, காயங்கள் நிறைந்த இயேசுவின் திருவுருவத்தைக் கண்டார். உள்ளம் உடைந்து அதன்முன் விழுந்து அழுதார். ஏறத்தாழ அதே வேளையில் புனித அகுஸ்தினார் தம் மனமாற்றத்தை விவரிக்கும் நூலும் அவர் கைக்கு வந்தது. அப்போது தெரேசாவுக்கு வயது 39. அவர் செபத்தை விட்டே போயிருந்தால், அந்தத் திருவுருவத்தை ஒரு சிலையாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்திருப்பார் அல்லவா?

இந்த அனுபவத்தை அவர் ஒரு தோட்டத்தின் உவமையால் விளக்குகிறார். கிணறும் வாய்க்காலும் தெரிந்த நமக்கு அது எளிதில் விளங்கும். நம் ஆன்மா களை மண்டிய தரிசு நிலம். ஆண்டவரே களை பிடுங்கி நல்ல செடிகளை நடுகிறார். தண்ணீர் பாய்ச்சுவது நம் வேலை. அதற்கு நான்கு வழிகள். கிணற்றில் வாளி விட்டு இறைப்பது முதல் வழி. கை நோகும், தண்ணீர் குறைவு. நீர்ச்சக்கரத்தால் இறைப்பது இரண்டாவது, உழைப்புக் குறையும். ஆற்றிலிருந்து வாய்க்காலில் பாய்ச்சுவது மூன்றாவது. மழை நான்காவது, அது முழுக்க முழுக்கக் கடவுளின் செயல். செபத்தைத் தொடங்குகிறவர் வாளிக்காரர். சரி, கிணறே வறண்டிருந்தால்? அப்போதும் நாம் கிணற்றடிக்குப் போக வேண்டும் என்கிறார் தெரேசா. நம் பங்கை நாம் செய்தால், தண்ணீர் இல்லாமலேயே செடிகளைக் காப்பாற்ற ஆண்டவருக்குத் தெரியும்.

வெளியிலிருந்தும் தடை வந்தது. பெண்களுக்கு மனச்செபம் எதற்கு, வாய்ச்செபம் போதும் என்று சந்தேகித்த காலம் அது. 1559-இல் ஸ்பெயினின் விசாரணை மன்றத் தலைவர் வால்தேஸ் தடைசெய்த நூல்களின் பட்டியலை வெளியிட்டார். தாய்மொழியில் இருந்த பல செப நூல்கள் அதில் அடங்கின. நூல் இல்லாமல் செபிக்க முடியாமல் இருந்தவருக்கு அது பேரிழப்பு. வருந்திய அவருக்கு ஆண்டவர் தாமே உயிருள்ள நூலாக இருப்பதாக உள்ளத்தில் உணர்த்தினார். பின்னாளில் தம் சகோதரிகளுக்கு அவர் அதையே கற்பித்தார்: எந்த நூலை எடுத்துக்கொண்டாலும், கர்த்தர் கற்பித்த செபத்தை யாராலும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. அதைச் சொல்லும்போது யாரிடம் பேசுகிறோம் என்று நினைத்துச் சொல்லுங்கள், அதுவே மனச்செபம் என்றார். அவருக்குச் செபம் என்பது, நம்மை அன்பு செய்கிறார் என்று நாம் அறிந்திருக்கும் ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்போடு பேசுவது, அவ்வளவுதான். சமையற்கட்டில் வேலையிருந்தால் அங்கே பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

1562-இல் புனித சூசையப்பர் மடத்தை நிறுவித் தம் சபையின் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அதையும் சேர்த்து 17 மடங்களை நிறுவி, 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று ஆல்பா தெ தோர்மேஸ் ஊரில் உயிர்நீத்தார். அன்றிரவோடு புதிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்ததால், அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. அந்த நாளிலேயே அவருடைய திருவிழாவைக் கொண்டாடுகிறோம். 1970-இல் திருத்தந்தை 6-ஆம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவர்.

அன்புக்குரியவர்களே, நம்மில் எத்தனை பேர் ஒரு பாவத்தின் பெயரால், ஒரு சண்டையின் பெயரால், 'எனக்குத் தகுதியில்லை' என்று செபத்தை விட்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் விலகியிருக்கிறோம்! ஒப்புரவு அருள்சாதனத்துக்கும் அதனாலேயே போகாமல் இருக்கிறோம். தெரேசாவுக்கு அந்தக் குருவானவர் சொன்னதை நமக்கும் சொன்னதாக ஏற்போம். இன்றிரவு வீட்டு வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஓரிடத்தில் அமருங்கள். மனம் அலைந்தால் அலையட்டும், கண் கடிகாரத்துக்குப் போனால் போகட்டும். கர்த்தர் கற்பித்த செபத்தை ஒரே ஒரு முறை, யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்து, மெதுவாகச் சொல்லுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வாருங்கள்.

ஆண்டவரே, உம்மிடம் வர வெட்கப்பட்டு நிற்கும் எங்களை நீரே கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ஆமென்.