கொள்கலன் செலவும் குடியேற்ற வரலாறும்: ஸாம்பியா, மலாவி – ஓர் ஒப்புநோக்கு

கடற்கரையற்ற நாடுகளின் வறுமைக்குப் புவியியலையே காரணங் காட்டுவது பொருளியலாளர் பலரது வழக்கம். துறைமுகம் தொலைவானால் ஏற்றுமதிச் செலவு கூடும் என்பது வெளிப்படை. ஆயின், அத்தொலைவு எப்பாதையாற் கடக்கப்பட்டது, அதன் சுமை எவ்வர்க்கத்தின்மீது விழுந்தது என்பன வரலாற்று வினாக்களாகும். அயல்நாடுகளான ஸாம்பியாவையும் மலாவியையும் ஒப்பிட்டு இவற்றை நாம் நோக்கலாம்.

இப்பிரதேசங்களுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே போர்த்துக்கேய மொஸாம்பிக்கின் எல்லையை வகுத்தது 1891 ஆம் ஆண்டின் ஆங்கிலேய–போர்த்துக்கேய உடன்படிக்கையே. தொடர்ந்து வந்த புகையிரதப் பாதைகள் மூலதனத்தின் தேவைக்கேற்ப அமைந்தன. 1905 இல் விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்தைக் கடந்த பாதை, 1909 இல் கொங்கோ எல்லையை அடைந்து சுரங்கங்களுக்கு வழி திறந்தது. நியாசாலாந்து எனப்பட்ட மலாவியிலோ, 1922 இல் மொஸாம்பிக் மண்ணில் அமைந்த ஸாம்பேசிப் பாதைக்கான நிதி உத்தரவாதம் அந்நாட்டின் தலையிலேயே சுமத்தப்பட்டது. பிறர் இலாபத்துக்கான பாதையின் கடன், வரி செலுத்திய விவசாயியைச் சார்ந்ததென்பதை லெறோய் வெயில் 1975 இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இரு நாடுகளும் 1964 இல் சுதந்திரம் பெற்றன. 1965 இல் றொடீசிய வெள்ளையர் ஆட்சி தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனஞ் செய்தபின், ஸாம்பியா தென்திசைச் சார்பை உடைக்க முயன்றது. 1970–75 காலத்தில், சீனாவின் வட்டியில்லாக் கடனுடன், தாருஸ்ஸலாமுக்கு 1,860 கிலோமீற்றர் பாதை அமைந்தது. பண்டாவின் மலாவியோ 1967 இல் தென்னாபிரிக்காவுடன் இராசதந்திர உறவு பூண்டது. 1970 இல் போர்த்துக்கேய ஆட்சியின்கீழிருந்த நக்காலாத் துறைமுகத்தோடு இணைந்தது. அண்மைப் பாதையே மலிவென்ற கணக்கு நிலைக்கவில்லை. 1980 களில் மொஸாம்பிக் போர் பெய்றா, நக்காலாப் பாதைகளைத் துண்டிக்க, மலாவியின் சரக்குகள் லொறிகளில் டர்பன்வரை செல்ல நேர்ந்தது.

உலக வங்கி 2021 இல் கைவிட்ட வணிகச் சூழல் அறிக்கை, முன்னைய பதிப்புகளில் ஒரு கொள்கலனின் ஏற்றுமதிச் செலவை டொலரிற் கணித்து நாடுகளை வரிசைப்படுத்தியது. 10 தொன் நிறையும் 20,000 டொலர் பெறுமதியும் கொண்ட கற்பனைக் கொள்கலன் ஒன்றே அதன் அளவுகோல். விளக்கத்துக்காக இரு நாடுகளிலும் செலவு 2,500 டொலர் எனக் கொள்வோம். அக்கற்பனைக் கொள்கலனில் அது பெறுமதியின் எட்டிலொரு பங்கு. 2013 இல் செப்பின் சராசரி விலை தொன்னுக்கு 7,000 டொலருக்கு மேலாயிருந்தது. 20 தொன் செப்பு ஏற்றிய கொள்கலனில் அதே செலவு இரண்டு வீதத்தையும் எட்டாது. ஒரே எண், இருவேறு சுமைகள்.

செப்பு பெருமூலதனத்தின் பண்டம். மலாவியின் பர்லிப் புகையிலையோ, 1990 வரை பெருந்தோட்டங்களுக்கே உரித்தாயிருந்து, பின்னரே சிறு விவசாயியின் கைக்கு வந்தது. வாங்குவோர் சில கம்பனிகளே. எனவே போக்குவரத்துச் செலவு விலையில் முன்னோக்கி ஏறாது, பயிரிட்டவனின் வருவாயிற் பின்னோக்கிக் கழிகின்றது. அவன் இடும் உரமும் அதே நெடும்பாதையால் வருவதால், அவன் இருமுறை செலுத்துகின்றான்.

ஸாம்பியாவின் தெரிவு அதன் தொழிலாளரை விடுவித்தது என நாம் கூறவரவில்லை; அப்பாதையும் பிற்காலத்தில் நலிவுற்று, செப்பின் பெரும்பகுதி லொறிகளுக்கு மாறிற்று. எனினும், கொள்கலன் செலவென்பது கிலோமீற்றர்களின் கூட்டுத்தொகையன்று. அது எல்லைகள், கடன்கள், கூட்டுகள் ஆகியவற்றின் திரண்ட வரலாறு. சராசரி எண்ணுக்குப் பின்னால் அதனைச் செலுத்துபவன் யார் என்று வினவாத ஒப்பீடு, புவியியலின் பெயரால் சுரண்டலை மறைப்பதிலேயே முடியும்.