ரயில் போன பிறகு வந்த ‘ஹேட்’

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் ஒரு டாக்டர் தலைமுறை தலைமுறையாகத் தாமதமாகவே வந்துகொண்டிருக்கிறார். அவர் வருவதற்குள் நோயாளி இறந்துவிடுகிறார். பக்கத்திலேயே ஒரு ரயில். பயணி ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே அது கிளம்பிவிடுகிறது. ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த இரண்டு துயரங்கள்தான். நடந்து முடிந்த காரியங்கள் இரண்டு இருந்தால், முதலில் நடந்ததற்கு ‘ஹேட்’ போடு. விதி அவ்வளவே.

விதி தப்பில்லை, ஆனால் பாதிதான். ஆங்கிலேயர்கள் அன்றாடம் பேசும்போது அந்த இரண்டாவது காரியம் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதே இல்லை. ‘பை சிக்ஸ்’, ‘பிஃபோர் தி வார்’, ‘அன்டில் தென்’ என்று ஒரு சின்னச் சொற்கட்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ‘பை சிக்ஸ், தி ஷாப் ஹேட் க்ளோஸ்ட்’ என்றால், ஆறு மணிக்கெல்லாம் கடையைச் சாத்தியிருந்தார்கள் என்று பொருள். டாக்டரும் வேண்டாம், ரயிலும் வேண்டாம்.

‘ஹேட்’ ஆதியிலிருந்தே ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்துவந்ததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், முன்னதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்லச் சாதாரண இறந்தகால வினையே பல நேரம் போதுமானதாக இருந்தது. கூடவே ‘ஏர்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். ‘முன்னரே’ என்பது அதன் பொருள். இன்றைய ‘எர்லி’ அதன் வழித்தோன்றல்தான். காலத்தை வினைச்சொல் சுமக்கவில்லை, பக்கத்தில் நின்ற சின்னச் சொல்தான் சுமந்தது.

‘ஹேட்’ வந்த வழியைத் தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. ‘ஹேவ்’ என்றால் வைத்திருத்தல். பழைய ஆங்கிலத்தில் ‘அவன் கடிதத்தை, எழுதப்பட்ட நிலையில், வைத்திருந்தான்’ என்ற அமைப்பு இருந்தது. முதலில் அது உடைமையைச் சொன்னது. எழுதியவன் வேறு ஆளாகக்கூட இருக்கலாம். நாளடைவில் உடைமை தேய்ந்து, எழுதி முடித்த செயலே பொருளாக மிஞ்சியது. ‘எழுதி வைத்திருந்தான்’ என்று நாம் சொல்லும்போதும் கடிதம் அவன் கையில்தான் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லையே! வருதல், போதல் போன்ற வினைகளுக்கு அவர்கள் ‘ஹேவ்’ போடவில்லை, ‘பீ’ போட்டார்கள். ‘ஹி வாஸ் கம்’ என்றால் வந்திருந்தான். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில்கூட இந்த வழக்கைப் பார்க்கலாம். ஆக, ‘வைத்திருந்தான்’, ‘வந்திருந்தான்’ என்ற நம் இரட்டை வழி ஒரு காலத்தில் அவர்களிடமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘பீ’ ஒதுங்கி, எல்லா இடத்தையும் ‘ஹேவ்’ பிடித்துக்கொண்டது. ‘ஹி இஸ் கான்’ போன்ற மிச்சசொச்சம்தான் இன்று எஞ்சியிருக்கிறது.

காலத்தைக் காட்டும் அந்தச் சின்னச் சொற்களும் இடத்தைக் காட்டப் பிறந்தவையே. ‘பிஃபோர்’ என்றால் எதிரே, முகத்துக்கு முன்னால். ‘பை’ என்றால் அருகே. நம் ‘முன்’ வாசலுக்கு முன்னும் நிற்கும், தீபாவளிக்கு முன்னும் நிற்கும், அதே கதைதான். ‘அன்டில்’ இன்னும் வேடிக்கை. அதன் இரண்டு பாதிகளுக்கும் ‘வரை’ என்றே பொருள். யாரோ ‘வரை வரை’ என்று சொல்லப்போக, அது அப்படியே நிலைத்துவிட்டது.

இதையெல்லாம் பாடமாக்கியவர்களின் மேசையில் லத்தீன் இலக்கணம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் வில்லியம் புல்லோகருடையது, 1586. எங்கள் மொழிக்கும் விதி உண்டு என்று நிரூபிக்க, லில்லியின் லத்தீன் இலக்கணத்தை அச்சாக வைத்து அவர் வார்த்தார். லத்தீனில் இந்தக் காலத்துக்கு ஒற்றைச் சொல்லிலேயே வினைவடிவம் உண்டு. அதன் பெயர் ‘ப்ளூபெர்ஃபெக்ட்’, அதாவது முடிந்ததற்கும் மேலே முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி ஒற்றைச் சொல் இல்லை என்றாலும் பெயர் மட்டும் குடியேறிவிட்டது. 1653இல் ஜான் வாலிஸ், முடிவிலிக்கு ∞ என்ற குறியைத் தந்த அதே கணித மேதை, வடிவத்தைப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலங்கள்தான் என்று எழுதினார். அதையும் லத்தீனில்தான் எழுதினார் என்பது வேறு விஷயம்.

வாலிஸ் சொன்னது பள்ளிக்கூடம்வரை போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர் லிண்ட்லி மரே. பென்சில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீலாகவும் வணிகராகவும் பொருள் சேர்த்து, உடல்நலம் குன்றி 1784இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தருகே குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்காக 1795இல் ஓர் இலக்கணம் எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. மரேயின் கணக்கில் காலங்கள் ஆறு, ‘ப்ளூபெர்ஃபெக்ட்’ அவற்றில் ஒன்று. சாதாரண இறந்தகாலத்துக்கு அவர் வைத்த பெயர் ‘இம்பெர்ஃபெக்ட்’, அதாவது முடியாதது! முடிந்துபோன செயலுக்கு முடியாதது என்று பெயர் சூட்டினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பெயரைவிடப் பெரிய சேதம் அதிகாரப் பிரிப்பில் நேர்ந்தது. வினை ஓர் அதிகாரம், ‘ப்ரிபொசிஷன்’ இன்னோர் அதிகாரம். ‘ஹேட் க்ளோஸ்ட்’ ஒரு பக்கத்திலும் ‘பை சிக்ஸ்’ பல பக்கம் தள்ளியும் கிடந்தால், இரண்டும் சம்பந்திகள் என்று மாணவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? இந்தியாவுக்கு வந்த இலக்கண ஆசிரியர் நெஸ்ஃபீல்டும், அவருக்குப் பின் 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டினும் அதே பாகப்பிரிவினையைத் தொடர்ந்தனர். இந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் 1924இல் பெரும்புகழ் பெற்ற பி.சி. ரென்னேதான். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். நாவலில் அவர் கதாபாத்திரங்களைச் சேர்த்துவைத்த லாகவம் இலக்கணத்தில் வாய்க்கவில்லை.

சம்பந்தத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியவர் ஒரு தத்துவவாதி. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, இஸ்தான்புல் வழியாகக் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்த ஹான்ஸ் ரைஷன்பாக், 1947இல் வெளியிட்ட தர்க்க நூலில் காலத்துக்கு மூன்று புள்ளிகள் வைத்தார். செயல் நடந்த நேரம், பேசும் நேரம், இவை இரண்டுக்கும் அப்பால் நாம் நின்று பார்க்கும் நேரம். ‘ஹேட்’ வரும் வாக்கியத்தில் அந்த நின்று பார்க்கும் இடம் இறந்தகாலத்தில் இருக்கிறது. செயல் அதற்கும் முன்னால் நடந்து முடிந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ‘தி கிளார்க் ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்.’ கிளார்க் கிளம்பியது ஆறு மணிக்கா? அல்லது ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அவர் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தாரா? இரண்டுக்கும் இடமுண்டு. ‘அட் சிக்ஸ்’ செயலின்மேலும் உட்காரலாம், நின்று பார்க்கும் இடத்தின்மேலும் உட்காரலாம். அதையே வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனால் இரண்டாவது பொருள் பக்கம் சாயும். ‘அட்’டை எடுத்துவிட்டு ‘பை’ போட்டால் சந்தேகமே இல்லை. மூன்றெழுத்து ‘ஹேட்’ செய்யாததை இரண்டெழுத்து ‘பை’ செய்துவிடுகிறது.

தமிழில் நிற்குமிடம் தானாகவே கிடைத்துவிடும். “நேத்து உங்களக் காணோமே?” என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்க, “மதுரைக்குப் போயிருந்தேன் சார்” என்று மற்றவர் சொல்கிறார். கேள்வியில் வந்த ‘நேத்து’தான் பார்வை நிற்குமிடம். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. இதையே ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று பெயர்த்துச் சொன்னால், லண்டன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். போயிருந்தீர்கள், சரி, அப்புறம் என்ன நடந்தது? அவருக்கு இங்கே ‘ஐ வென்ட்’ போதும். இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகக் குறித்துவரும் வழக்கு இது. ‘கயா தா’ என்று சொல்லும் இந்திக்காரர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

‘பிஃபோர் டூ டேஸ்’ என்று நாம் இடறுவது இதன் தம்பி. ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்ற நம் தொடர் இன்றிலிருந்தும் எண்ணும், போன தீபாவளியிலிருந்தும் எண்ணும். ஆங்கிலம் இங்கே வழியைப் பிரித்துவிட்டது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’, வினை சாதாரண இறந்தகாலம். கடந்துபோன ஒரு நாளில் நின்றுகொண்டு அங்கிருந்து எண்ணினால் ‘டூ டேஸ் பிஃபோர்’, வினையில் பெரும்பாலும் ‘ஹேட்’. இரண்டிலுமே ‘முன்னாடி’ எண்ணுக்குப் பின்னால்தான் வருகிறது, தமிழில் வருவது போலவே.