படுத்த ஷாக் அப்சார்பர் பிறந்த கதை

1970-களின் தொடக்கம் வரை, மண் தடங்களில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தய பைக்குகளின் பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்தது சுமார் 10 செ.மீ.தான். இருபுறமும் ஷாக் அப்சார்பர்கள் சக்கர அச்சுக்கு அருகிலேயே, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நின்றன. ஷாக்கின் தண்டு எவ்வளவு உள்ளே போகுமோ, சக்கரமும் ஏறத்தாழ அவ்வளவுதான் எழும்பும். எஞ்சின் வலுக்கூடி, பைக்குகள் மேடுகளில் உயரத் தாவத் தொடங்கியதும் அந்த அசைவு போதவில்லை. தரையில் இறங்கும்போது முழு அதிர்ச்சியும் ஓட்டுபவரின் முதுகுக்கே போனது.

முதலில் கிடைத்த வழி எளியது: ஷாக்கின் மேல் போல்ட்டை முன்னால் தள்ளிச் சாய்ப்பது. அதே ஷாக்கில் சக்கரத்துக்குக் கூடுதல் அசைவு கிடைத்தது. ஆனால் சாய்வு இரண்டு முறை வரி பிடிக்கும். 45 டிகிரி சாய்த்தால், சக்கரம் 10 செ.மீ. எழும்பும்போது ஷாக் அமுங்குவது சுமார் 7 செ.மீ.; அதில் பிறக்கும் விசையிலும் 70 சதவீதமே சக்கரத்தைச் சேரும். இரண்டும் சேர்ந்து, சக்கரத்துக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பலம் பாதியாகிவிடும். 60 டிகிரியில் கால்பங்குதான். இதை ஈடுகட்டக் கடினமான ஸ்பிரிங்கும் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் இறுக்கமான டேம்பிங்கும் வேண்டும். அப்போது ஷாக்கின் எண்ணெய் சூடேறி நுரைத்தால், பந்தயத்தின் பாதியிலேயே பிடி தளர்ந்துவிடும்.

பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மையே மாற்றினார். அதை முக்கோணமாக உயர்த்திக் கட்டினார். சக்கரம் எழும்பினால் முக்கோணத்தின் உச்சி முன்னோக்கி நகரும். அந்தத் திசையிலேயே ஒற்றை ஷாக்கைப் பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைத்தார். தரையோடு ஒப்பிட்டால் ஷாக் படுத்திருக்கிறது. உச்சி நகரும் திசையோடு ஒப்பிட்டால் நேராக நிற்கிறது. கணக்கில் வரவேண்டிய கோணம் இந்த இரண்டாவதுதான். எண்ணெய் நுரைக்காமலிருக்க, பிரான்சின் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போன் வகுத்த வாயு அழுத்த ஷாக் கைகொடுத்தது.

யமஹா இந்த யோசனையை வாங்கியது. 1973-இல் ஸ்வீடன் வீரர் ஹோகன் ஆண்டர்சன் அந்த ஒற்றை ஷாக் பைக்கில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். மோட்டோகிராஸில் யமஹாவின் முதல் உலகப் பட்டம் அது. 1975 மாடல் ஒய்இசட்250-இல் அதே அமைப்பு விற்பனைக்கே வந்தது.

அழகுக்காகவோ உயரத்துக்காகவோ ஷாக்கின் போல்ட்டை நகர்த்த நினைப்பவர்கள் முதலில் ஸ்விங் ஆர்மை மேலும் கீழும் அசைத்து, ஷாக்கின் கீழ்முனை எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும். எந்த ஸ்பிரிங் பொருந்தும் என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும்.