தாள் சுற்றிய ஈயக் குண்டு

தாள் சுற்றிய ஈயக் குண்டு என்பது, வார்த்தெடுத்த ஈயக் குண்டின் பக்கங்களில் மெல்லிய தாளை இறுகச் சுற்றிச் சுடும் முறையாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய விட்டமுடைய ரைஃபிள்களில் இம்முறை பரவலாகப் பயன்பட்டது. செம்பு உறையிட்ட குண்டுகள் வந்த பின் படைகளில் இது வழக்கொழிந்தது.

தேவை

ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றால்தான் நேராகச் செல்லும். ஈயம் மென்மையானது என்பதால் பள்ளங்களில் எளிதில் பதியும். ஆனால் வேகம் கூடும்போது அந்த ஈயமே உரசிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து முறை சுட்டதும் பள்ளங்கள் அடைபட்டுக் குறி தவறும். ஈயத்தை வெள்ளீயம் கலந்து கடினமாக்குவது ஒரு வழி, குண்டில் வளையப் பள்ளமிட்டுக் கொழுப்புப் பூசுவது இன்னொரு வழி. ஈயம் குழலைத் தொடாதபடி இடையில் தாளை வைப்பது மூன்றாவது வழி.

செய்முறை

குண்டு பள்ளங்கள் இல்லாமல் வழவழப்பாக, குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக வார்க்கப்படும். வலுவான மெல்லிய தாள் இணைகர வடிவில் வெட்டப்படும். அதை நனைத்துக் குண்டின் மேல் சரியாக இரண்டு சுற்று உருட்டுவர். தாளின் இரு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சந்திக்க வேண்டும், ஏறினால் குண்டு ஒரு பக்கம் புடைக்கும். எஞ்சிய வால்பகுதி அடியில் முறுக்கியோ மடித்தோ விடப்படும். ஈரம் உலரும்போது தாள் சுருங்கி இறுகும்.

0.05 மில்லிமீட்டர் தடிப்புள்ள தாளை இரண்டு சுற்றுச் சுற்றினால் குண்டின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் கூடும். எனவே குண்டின் அச்சு, தாளின் தடிப்பு, குழலின் விட்டம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சுடும்போது வரிமேடுகள் தாளைக் கீறிவிடும். குழலை விட்டு வெளியேறியதும், சுழற்சியால் தாள் துண்டு துண்டாகச் சிதறி, குண்டு மட்டும் பறந்து செல்லும். தாள் குண்டோடு ஒட்டிச் சென்றால் குறி பிசகும் என்பதால் அதைப் பசையிட்டு ஒட்டுவதில்லை.

என்ஃபீல்டு தோட்டாவும் 1857ம்

1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவும் தாளால் ஆனதே. வீரர் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவார். பின் தோட்டாவைத் திருப்பி, கொழுப்புப் பூசிய தாளோடு குண்டைக் குழலில் செருகி, மிஞ்சிய தாளைக் கிழித்தெறிவார். குண்டைச் சுற்றி நின்ற அந்தத் தாளே குழலுக்குள் உராய்வைக் குறைத்தது.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகிலுள்ள டம்டம்மில், அந்தக் கொழுப்பு பசுவுடையதும் பன்றியுடையதும் என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியது. கொழுப்புப் பூசாத தோட்டாக்களைக் கொடுத்து, வேண்டியதைச் சிப்பாய்களே பூசிக்கொள்ளலாம் என அரசு அறிவித்தது. ஆயினும் ஐயம் தாளின் மீதே திரும்பியது. தாள் பளபளப்பாக இருப்பதால் அதிலேயே கொழுப்பு கலந்திருப்பதாகப் பாரக்பூர் விசாரணையில் சிப்பாய்கள் கூறினர். தோட்டாவைக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறை மாற்றப்பட்டும் பயனில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்கள் விலங்கிடப்பட்ட மறுநாள், மே 10 அன்று, பெருங்கிளர்ச்சி வெடித்தது. அயோத்தி அரசின் இணைப்பு உள்ளிட்ட பல குறைகள் முன்பே குவிந்திருந்தன. தோட்டாத் தாள் அவற்றுக்குத் தீப்பொறியானது.

நெடுந்தூரச் சுடுதல்

இங்கிலாந்தில் வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர், ஆழம் குறைந்த வரிப்பள்ளங்களோடு தாள் சுற்றிய கடினக் குண்டுகளைப் பயன்படுத்தினார். பள்ளம் ஆழமற்றதாக இருந்ததால் கரி படிவதும் குறைந்தது. 1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டும் தாள் சுற்றியதே. 12 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் கலந்த அக்குண்டின் எடை ஏறத்தாழ 31 கிராம்.

அமெரிக்காவில் நியூயார்க் அருகிலுள்ள கிரீட்மூரில், 1874 செப்டம்பர் 26 அன்று அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்தினர் வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளையும், அமெரிக்கர் பின்வழி நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளையும் கொண்டுவந்தனர். 934க்கு 931 என்ற புள்ளிகளில் அமெரிக்கர் வென்றனர். பின்வழித் துப்பாக்கி நெடுந்தூரக் குறிக்கு ஏற்றதல்ல என்ற எண்ணம் அத்துடன் ஆட்டங்கண்டது.

மறைவும் மீட்சியும்

தாள் எளிதில் கிழியும், ஈரத்தில் கெடும். மடக்கித் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளின் இயக்கத்துக்கும் அது தோதாக இல்லை. அமெரிக்கப் படை 1873லேயே கொழுப்புப் பள்ளமிட்ட குண்டைத் தேர்ந்தது. 1880களில் சுவிட்சர்லாந்தின் எடுவார்டு ரூபின் செம்பு உறைக் குண்டை உருவாக்கினார். 1884இல் பிரான்சின் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டறிந்தார். அந்த வேகத்தையும் வெப்பத்தையும் தாங்க உலோக உறையே ஏற்றதாக இருந்ததால், படைகள் தாளைக் கைவிட்டன.

இன்று கருமருந்துத் துப்பாக்கிப் போட்டியாளர்களும் பழந்துப்பாக்கி ஆர்வலர்களும் இம்முறையைத் தொடர்கின்றனர். ஈயத்துக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்ற அதே தேவையைத்தான் இன்றைய செம்பு உறையும் நிறைவேற்றுகிறது.